தம்பிக்கு ஒரு பொட்டலம்

சமையலைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று என் வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். குழம்பு கொதிக்கிற நேரத்தில் என் கதாநாயகிக்கு ஒரு நல்ல பதில் தோன்றிவிடும். அதைக் குறித்து வைத்துவிட்டுத் திரும்பி வந்தால் குழம்பு சட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்டவள் சென்ற பங்குனி மாதத்தில் ஒரு பண்டத்துக்காக மூன்று வாரம் கதை எழுதுவதையே நிறுத்தி வைத்தேன்.

பண்டம் என்னவோ சின்னதுதான். இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் வறுவல். சாண்ட்விச் என்கிறார்களே, அதுதான். ஆனால் அதற்குள் ஒரு வழக்கு இருந்தது. எனக்கும் என் தம்பிக்கும் இடையே பத்து வருஷமாகத் தீர்ப்பில்லாமல் கிடந்த வழக்கு.

நாங்கள் சிறுபிள்ளைகளாக இருந்தபோது எங்கள் வீடு மேற்குத் தாம்பரத்தில் இருந்தது. அப்பாவுக்கு மவுண்ட் ரோடில் ஓர் அச்சகத்தில் வேலை. தாம்பரத்துக்கு 1931-ஆம் வருஷத்திலேயே மின்சார ரயில் வந்துவிட்டபடியால், பட்டணத்தில் வேலை, தாம்பரத்தில் குடித்தனம் என்பது அப்பாவைப் போன்றவர்களுக்குச் சாத்தியமாயிற்று. 1970-ஐ ஒட்டிய காலம் அது. மாதத்தில் ஒரு நாள், சம்பள நாளன்று, அப்பா புகாரி ஹோட்டலுக்குள் நுழைந்து ஒரு பொட்டலம் வாங்குவார். அதைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பூர் வரை நடந்து வந்து ரயில் ஏறுவார். உள்ளே வாழை இலை, வெளியே செய்தித்தாள், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாக நூல். பொட்டலத்துக்குள் இருப்பது சிக்கன் 65.

அந்தப் பெயரைப் பற்றி இந்த ஊரில் கேள்விப்படாத கதையே இல்லை. அறுபத்தைந்து நாள் வளர்ந்த கோழி என்பார் ஒருவர். அறுபத்தைந்து மிளகாய் போடுவார்கள் என்பார் இன்னொருவர். பட்டாளத்துக்காரர்கள் உணவுப் பட்டியலில் அறுபத்தைந்தாம் எண்ணைச் சொல்லிக் கேட்டதால் அந்தப் பெயர் வந்தது என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. 1951-இல் மவுண்ட் ரோடில் தொடங்கிய அந்த ஹோட்டல்காரர்கள் சொல்லும் காரணம் இவ்வளவு ருசிகரமானதல்ல. 1965-ஆம் வருஷம் பட்டியலில் சேர்ந்தது, அதனால் அறுபத்தைந்து. பிற்பாடு 78, 82, 90 என்றும் அவர்கள் கோழிக்கு வருஷம் சூட்டினார்கள். உலகம் நினைவில் வைத்துக்கொண்டது முதல் கோழியைத்தான்.

அப்பா ரயிலில் உட்கார்ந்தால் அந்தப் பெட்டி முழுவதும் வாசனை பரவிவிடுமாம். பல்லாவரம் வருவதற்குள் யாராவது ஒருவர் பொறுக்க மாட்டாமல், "எந்தக் கடை சார்?" என்று கேட்டுவிடுவார்களாம். வீட்டுக்கு வந்ததும் அப்பா பெருமையோடு சொல்லும் முதல் சேதி அதுதான். "இன்னிக்கு மீனம்பாக்கத்திலேயே கேட்டுட்டாங்க!"

பொட்டலத்தில் இருப்பதோ எட்டு ஒன்பது துண்டுகள். வீட்டில் பாட்டியோடு சேர்த்து ஏழு பேர். ஆளுக்கு ஒன்று என்று வைத்தால் மிச்சத்துக்குச் சண்டை வரும். ஆகவே அம்மா ஓர் உபாயம் செய்தாள். எலும்பை நீக்கிவிட்டுக் கோழியைப் பஞ்சு பஞ்சாகப் பிய்ப்பாள். இலையில் ஒட்டியிருக்கும் மசாலாவை வழித்து அதோடு சேர்ப்பாள். பொரிந்த கறிவேப்பிலையை நொறுக்கிப் போட்டு, வெங்காயத்தைக் காகிதம் போல் அரிந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து பிசறுவாள். தெருக்கோடிக் கடை ரொட்டியைத் தோசைக்கல்லில் வாட்டி, நடுவில் வைத்து அழுத்தி, குறுக்கே ஒரு வெட்டு வெட்டிக் கொடுப்பாள். அதற்குச் சாண்ட்விச் என்று பெயர் என்பதும், சீட்டாட்ட மேஜையை விட்டு எழுந்திருக்க மனமில்லாத ஓர் ஆங்கிலப் பிரபுவின் பெயர் அது என்று கதை சொல்கிறார்கள் என்பதும் எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரியும். எங்கள் வீட்டில் அதற்குச் சூதாட்டம் காரணமல்ல. ஏழு வாய்கள்தான் காரணம்.

என் தம்பி கடைக்குட்டி. தன் பங்கைக் கடைசிவரை வைத்திருந்து, நாங்கள் எல்லோரும் முடித்த பிறகு எங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிதானமாகத் தின்பான். அந்தச் சுகத்தை அவன் பெரியவனான பிறகும் விடவில்லை. அப்பா காலமானபின் அவனும் நானும் மட்டும் அந்த வழக்கத்தை நடத்தி வந்தோம். எனக்குச் சேலையூரில் வீடு; அவனுக்கு முடிச்சூரில். நடுவே ரயில் பாதை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஏதாவதொரு கடையில் 65 வாங்கிக்கொண்டு வருவான். நான் ரொட்டியும் வெங்காயமும் தயாராக வைத்திருப்பேன். பொட்டலம் என்ற வார்த்தை போய்ப் பார்சல் வந்தது. வாழை இலை போய் அலுமினியக் காகிதம் வந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாறவில்லை.

2016-ஆம் வருஷப் பொங்கலுக்கு வந்தவன் வெறுங்கையோடு வந்தான். நான் வாங்கி வைத்திருந்ததையும் தொடவில்லை.

"வேணாம்க்கா."

"உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லே. வேணாம்."

சரி, இன்றைக்கு வேண்டாம் போலிருக்கிறது என்று பருப்புச் சாதத்துக்கு நெய் எடுத்தேன். அதற்கும் கையை நீட்டி மறைத்தான். மோரும் வேண்டாமாம். ரசத்தோடு எழுந்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் தின்பது இன்னதென்று எனக்கு மெதுவாகப் புரிந்தது. மாமிசம் இல்லை, முட்டை இல்லை. பால், தயிர், நெய், வெண்ணெயும் இல்லை. இதற்கு வீகன் என்று பெயர் என்று என் பெண் சொன்னாள். டொனால்ட் வாட்சன் என்ற இங்கிலாந்துக்காரர் 1944-இல் உண்டாக்கிய வார்த்தையாம் அது. நம் ஊரில் சைவம் என்றால் பாலும் நெய்யும் ஓடும். இதுவோ சைவத்துக்கும் மேலே ஒரு படி. பசும்பாலில் பூஜை செய்கிற நாட்டில் இப்படியும் ஒரு விரதமா என்று எனக்குக் கோபம் வந்தது. யாரோ சாமியார் பிடித்துக்கொண்டார் என்று நினைத்தேன். வைத்தியர் ஏதோ சொல்லி, அதை மறைக்கிறான் என்று நினைத்தேன். அவன் மனைவியோ வழக்கம்போல் எல்லாம் சாப்பிட்டாள். அவன் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. உபதேசம் செய்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். அவன் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அம்மாவின் கையால் தின்றதையே அவன் தள்ளிவிட்டான் என்று உள்ளுக்குள் ஒரு மனத்தாங்கல் உறைந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகள் நின்றுபோயின.

இப்படிப் பத்து வருஷம் போயிற்று. சென்ற பங்குனியில் அவனுடைய அறுபதுகளின் தொடக்கத்தில் வரும் பிறந்த நாள் ஒன்று நெருங்கியபோது, எனக்கு ஒரு பிடிவாதம் பிறந்தது. அவன் விரதமும் கெடக் கூடாது. எங்கள் ரொட்டியும் திரும்பி வர வேண்டும்.

முதலில் நான் பிடித்தது மீல் மேக்கரை. ஒரு வியாபாரப் பெயரே பண்டத்தின் பெயராகிவிட்ட அந்தச் சோயா உருண்டைகளை அறியாதவர்கள் இன்று தமிழ்நாட்டில் இல்லை. சோயா மொச்சையிலிருந்து எண்ணெயைப் பிரித்த பிறகு மிஞ்சும் மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி எடுக்கிறார்கள். நூறு கிராமில் பாதிக்குமேல் புரதம். மாமிசத்துக்குப் போலி செய்வது மனிதனுக்குப் புதிதல்ல. சீனத்துப் பௌத்த மடங்களில் கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் மாவுச்சத்தைக் கழுவிவிட்டு, மிஞ்சும் பசையிலிருந்து வாத்தும் கோழியும் போலப் பண்டங்கள் செய்து வந்திருக்கிறார்கள். நம் வீடுகளிலும் வாழைக்காயை மீன் துண்டு போல் அரிந்து வறுப்பதில்லையா?

முதல் தடவை மீல் மேக்கர் குளிக்கப்போன பஞ்சு போல் இருந்தது. இரண்டாம் தடவை வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, குளிர்ந்த நீரில் அலசி, மறுபடியும் பிழிந்தேன். அந்தப் பச்சை வாடை போய்விட்டது. நார் நாராகப் பிய்த்து மசாலாவில் பிரட்டிப் பொரித்தபோது எனக்கே திகைப்பாக இருந்தது. அச்சு அசலாகக் கோழி! என் பெண்ணிடம் கொடுத்தேன், அவள் ஏமாந்துபோனாள். எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

தம்பியை வரவழைத்தேன். ரொட்டியை அவன் கையில் கொடுத்து, "பயப்படாதே, எல்லாம் சோயாதான்" என்றேன். ஒரு வாய் கடித்தான். மென்றான். பிறகு மெல்வதை நிறுத்தினான். விழுங்கவும் முடியாமல், துப்பவும் என் முன்னால் கூச்சப்பட்டு, கண்களில் நீரோடு உட்கார்ந்திருந்தான். எழுந்து போய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான்.

"மன்னிச்சுக்கோக்கா. கோழி மாதிரியே இருக்கு."

"அப்படித்தானே இருக்கணும்?"

"அப்படி இருக்கக் கூடாதுக்கா" என்றான்.

அன்றுதான் சொன்னான். 2015 டிசம்பர் முதல் தேதி. தாம்பரத்தில் மறுநாள் காலைவரையிலான ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடையாற்று நீர் முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் முழுகடித்தது. அதெல்லாம் நானும் அறிந்ததுதான். நான் அறியாதது அவன் வீட்டுக்கு அடுத்த கொட்டகை. அவனுக்குப் பால் ஊற்றுகிறவர் அன்று சாயங்காலம் ஊருக்குப் போகிறவர், "மாட்டைக் கொஞ்சம் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ராத்திரி தண்ணீர் ஏறியது. தம்பி மாமியாரையும் குழந்தைகளையும் மாடிக்கு ஏற்றினான். கொட்டகையிலிருந்த கோழிக் கூடையையும் கொண்டுபோய் வைத்தான். மாட்டுக்காக இறங்கி வந்தபோது தண்ணீர் அவன் மார்புக்கு வந்துவிட்டது. நனைந்த கயிற்றில் முடிச்சு இறுகிவிட்டது. கையில் கத்தி இல்லை.

அவன் அதற்குமேல் சொல்லவில்லை. பிறகு படகு வரும்வரை மாடியில் இருந்ததைச் சொன்னான். தாம்பரத்து விமானப்படைத் தளத்து ஹெலிகாப்டர் தலைக்குமேல் பறக்கும்போதெல்லாம் கோழிகள் நடுங்கி ஓடிவந்து அவன் வேட்டிக்குள் முகத்தை வைத்துக்கொள்ளுமாம்.

"இத்தனை வருஷமா ஏண்டா என்கிட்டே சொல்லலை?"

"நீ கதையா எழுதிடுவேன்னு பயந்தேன்க்கா."

எனக்குச் சுரீரென்றது. பொய்யாக ஒன்றும் சொல்லவில்லை அவன்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏமாற்றுவதையே சாமர்த்தியமாக நினைத்து இரண்டு வாரம் பாடுபட்டிருக்கிறேன். அவனுக்கோ அந்தச் சாயல்தான் வேதனை. அப்படியானால் நான் அவனுக்குத் திருப்பிக் கொடுக்க நினைத்தது எதை? எழுந்து விளக்கைப் போட்டு, அந்தப் பழைய பொட்டலத்தில் இருந்தவற்றை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதினேன். வற்றல் மிளகாய், இஞ்சி, பூண்டு, மிளகு, மஞ்சள், கறிவேப்பிலை, பச்சைமிளகாய், எலுமிச்சை, எண்ணெய், வாழை இலை. அம்மா சேர்த்தவை வெங்காயமும் ரொட்டியும். பிறகு தயிர், முட்டை, கோழி.

எழுதி முடித்துப் பார்த்தால், கடைசி மூன்றைத் தவிர மற்றதெல்லாம் மண்ணில் முளைத்தவை! அப்பாவின் ரயில் பெட்டியை நிரப்பிய வாசனை கறிவேப்பிலையும் மிளகாயும் சூடு பட்ட வாழை இலையும் கலந்த வாசனை. எட்டுத் துண்டுக் கோழியை ஏழாகப் பங்கிட்டு வெங்காயத்தில் பிசறினால், ஒவ்வொருவர் ரொட்டியிலும் கோழி எவ்வளவு இருந்திருக்கும்? நாங்கள் நாக்கைச் சப்புக்கொட்டித் தின்றது முக்கால்வாசி வெங்காயத்தையும் மசாலாவையும்தான். அம்மா எங்களுக்கு அப்போதே பாதி வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.

மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். பங்குனி மாதம், பிஞ்சுப் பலாக்காய் வந்து குவிந்திருந்தது. பலாக்காயை மாமிசத்துக்கு ஈடாகச் சொல்கிற வழக்கம் பல இடங்களில் உண்டு. வங்காளத்தில் அதற்கு 'மரத்து ஆடு' என்றே செல்லப் பெயர். இலங்கையில் பிஞ்சுப் பலாவைக் கறிகளிலே தலைசிறந்ததாக மதிக்கிறார்கள். நம் தமிழையே பாருங்கள். சங்க காலத்தில் கறி என்றால் மிளகு. இன்று எங்கள் பக்கத்தில் கறி என்றால் மாமிசம். யாழ்ப்பாணத்தில் காய்களுக்குப் பெயர் மரக்கறி. ஒரே வார்த்தை கொடியிலும் மரத்திலும் ஆட்டிலும் ஏறி இறங்கி வந்திருக்கிறது. வார்த்தைக்கு இல்லாத பிடிவாதம் நாக்குக்கு எதற்கு?

ஆனால் இந்தத் தடவை நான் ஜாக்கிரதையாக இருந்தேன். பலாக்காயை வேகவைத்துப் பிய்த்தால் அதுவும் கோழி நார் போலவே ஆகிவிடும். மேல்நாட்டார் அதற்காகவே அதைத் தகரத்தில் அடைத்து வாங்குகிறார்கள். எனக்கு அது வேண்டியதில்லை. கையிலும் அரிவாள்மனையிலும் நல்லெண்ணெய் தடவிக்கொண்டேன். இல்லாவிட்டால் பலாப்பால் ஒரு வாரத்துக்கு விரலை விடாது. முள் தோலைச் சீவிவிட்டு, விரல் பருமனுக்கு வட்ட வட்டமாக அரிந்தேன். வெட்டிய பக்கத்தில் பிஞ்சுச் சுளைகளும் கொட்டைகளும் தேனடை போல் தெரிந்தன. நான் பலா, வேறொன்றுமில்லை என்று அது சொல்லிக்கொண்டே இருந்தது.

உப்பும் மஞ்சளும் போட்ட நீரில், கத்தி முனை இறங்கும் பதம்வரை வேகவைத்து, வடித்துத் துணியில் பரப்பி ஈரம் போக உலர்த்தினேன். வற்றல் மிளகாயை ஊறவைத்து இஞ்சி, பூண்டு, மிளகோடு அரைத்த விழுது. தயிருக்குப் பதில் கெட்டித் தேங்காய்ப்பாலும் எலுமிச்சைச் சாறும். முட்டைக்குப் பதில் அரிசி மாவும் மக்காச்சோள மாவும். ஒரு மணி நேரம் ஊறிய பிறகு கடலை எண்ணெயில் மொறுமொறுவென்று பொரித்தேன். வேறொரு வாணலியில் சிறிது எண்ணெய் விட்டு, நசுக்கிய பூண்டு, கீறிய பச்சைமிளகாய், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. கறிவேப்பிலை படபடவென்று வெடித்தபோது வறுத்த துண்டுகளைக் கொட்டிப் பிரட்டினேன். அந்தச் சத்தத்தோடு ஐம்பத்தைந்து வருஷம் பின்னால் போய்விட்டேன்.

ரொட்டிதான் கொஞ்சம் அலைய வைத்தது. சில ரொட்டிகளில் பால்பொடி சேர்க்கிறார்கள். "பால் இல்லாத ரொட்டியா? டயட்டாம்மா?" என்று கடைக்காரர் அனுதாபத்தோடு விசாரித்தார். நாலாவது கடையில் கிடைத்தது. வெண்ணெய்க்குப் பதில் கடலை எண்ணெய் தடவித் தோசைக்கல்லில் வாட்டினேன். புதினா, கொத்தமல்லி, பொட்டுக்கடலை சேர்த்துக் கெட்டியாக அரைத்த துவையலை உட்புறம் பூசினேன். பலாக்காயில் சோயாவைப் போல் புரதம் கிடையாது. பொட்டுக்கடலையாவது கொஞ்சம் கொடுக்கட்டும். பி-12 என்ற வைட்டமின் செடி கொடிகளிலிருந்து கிடைக்காது என்பதால், அந்த மாத்திரையை விழுங்கினாயா என்று தொலைபேசியில் அவனை அதட்டவும் ஆரம்பித்திருந்தேன். அக்காவுக்கு இதுகூட உரிமை இல்லையா?

ஞாயிற்றுக்கிழமை வந்தான். நான் ஒன்றும் சொல்லாமல் தட்டை வைத்தேன். அவன் மேல் ரொட்டியைத் தூக்கிப் பார்த்தான். வட்டத் துண்டைப் புரட்டி, அந்தத் தேனடையை விரலால் தொட்டான்.

"பலாக்காயா?"

"ஆமாம், பலாக்காய்தான். வேறே எதுவுமில்லே."

மூடி, அழுத்தி, கடித்தான். நான் அடுப்பைத் துடைப்பது போல் திரும்பி நின்றுகொண்டேன். வெகு நேரம் சத்தமில்லை. பிறகு குரல் வந்தது.

"வெங்காயம் கனமா இருக்கு. அம்மா இன்னும் மெல்லிசா அரிவாங்க."

அந்த ஒரு குற்றச்சாட்டுக்காக நான் பத்து வருஷம் காத்திருந்ததாகத் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். நான் என்னுடையதைத் தின்று முடிக்கட்டும் என்று, பாதி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான், படுபாவி!

புறப்படும்போது, "எழுதணும்னா எழுதிக்கோக்கா. மாட்டைப் பத்தி மட்டும் ரொம்ப எழுதாதே" என்றான். கூடியவரை குறைவாக எழுதியிருக்கிறேன் என்றே நினைக்கிறேன். பிறகு சற்றுத் தயங்கி, "அவளுக்கும் ரெண்டு கட்டிக் கொடேன்" என்றான். கொல்லையில் ஓர் இலை நறுக்கி, அடுப்பில் வாட்டி, செய்தித்தாளில் சுற்றி, நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிக் கொடுத்தேன்.

ராத்திரி எட்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது.

"அக்கா, முடிச்சூர் பஸ்ஸிலே பக்கத்து ஸீட்டுக்காரர் கேட்டுட்டாரு."

"என்ன கேட்டார்?"

"எந்தக் கடை பார்சல் சார்னு."

"நீ என்ன சொன்னே?"

"எங்கம்மா கடைன்னு சொன்னேன்."